முதலாம் வகை நீரிழிவுடன் பளுப் பயிற்சி: கொழும்பில் தொடங்குபவர்களுக்கு

கொழும்பில் முதலாம் வகை நீரிழிவு உள்ள ஒருவர் பளுப் பயிற்சி தொடங்கப்போவதாகச் சொன்னால், "உங்களுக்கு ஏன் இந்த வேலை, சுதந்திர சதுக்கத்தைச் சுற்றி நடந்தாலே போதும்" என்பார்கள் சிலர். "ஜிம்முக்குப் போனால் சீனி தானாகவே இறங்கிவிடும், நல்லதுதானே" என்பார்கள் வேறு சிலர். இரண்டும் அக்கறையோடு சொல்லப்படுபவைதான், ஆனால் இரண்டும் இரண்டாம் வகை நீரிழிவை மனதில் வைத்துச் சொல்லப்படுபவை. இன்சுலினை ஊசியாக மட்டுமே பெறும் உடலில் பாரம் தூக்கும்போது சீனி ஏறலாம். இறக்கமோ பல மணி நேரம் கழித்து, நீங்கள் உறங்கிக்கொண்டிருக்கும் வேளையில் வரலாம். இதை ஒரே இடத்தில் சொல்லித் தருபவர் எனக்குக் கிடைக்கவில்லை. வைத்தியசாலையில் ஒரு பாதியும் பயிற்சிக்கூடத்தில் மறு பாதியுமாகக் கேட்டுத் தொகுத்துக்கொண்டதை, அடுத்து வருபவர் அதே அலைச்சலைப் படாமலிருக்க, செய்ய வேண்டிய வரிசையிலேயே எழுதுகிறேன். இது 18 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கானது. இன்சுலின் அளவை மாற்றும் ஒவ்வொரு முடிவையும் உங்கள் வைத்தியருடன் பேசியே எடுக்க வேண்டும். இங்குள்ள எண்கள் அந்தப் பேச்சுக்கு உங்களைத் தயார்படுத்துவதற்காகவே தரப்படுகின்றன.

1. பணம் கட்டுவதற்கு முன் பரிசோதனைகளை முடியுங்கள்

பலரும் முதலில் ஜிம்மில் ஓராண்டுக் கட்டணத்தைக் கட்டிவிட்டுப் பிறகுதான் வைத்தியரைத் தேடுகிறார்கள். வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். கடந்த மூன்று மாதங்களுக்குள் எடுத்த எச்பிஏ1சி (இரண்டு மூன்று மாதச் சராசரிச் சீனியைக் காட்டும் பரிசோதனை) அறிக்கை, இரத்த அழுத்தம், சிறுநீரகத்துக்கான கிரியேற்றினின், சிறுநீர் அல்புமின் ஆகியவற்றின் அளவுகள், பாதங்களின் உணர்வுப் பரிசோதனை, கண்ணின் விழித்திரைப் பரிசோதனை ஆகியவை கையில் இருக்க வேண்டும். நீரிழிவு வந்து பல ஆண்டுகள் ஆனவர்களுக்கும் நடுத்தர வயதைத் தாண்டியவர்களுக்கும் ஈசிஜியும் தேவைப்படலாம்.

இவற்றுள் பளுப் பயிற்சிக்கு நேரடியாகத் தொடர்புடையது கண் பரிசோதனைதான். விழித்திரையில் புதிதாக முளைத்த மெல்லிய இரத்தக் குழாய்கள் இருக்குமானால், மூச்சை அடக்கிப் பாரம் தூக்கும்போது இரத்த அழுத்தம் திடீரென உயர்ந்து அவை கசியவும் வெடிக்கவும் கூடும். அப்படிப்பட்டவர்கள் கண் வைத்தியர் சிகிச்சையை முடித்து அனுமதி தரும்வரை பாரமான எதையும் தூக்கக் கூடாது. பார்வை தெளிவாக இருப்பதால் கண் நலமாக இருக்கிறது என்று எண்ண வேண்டாம். இந்தப் பாதிப்பு தொடக்கத்தில் பார்வையைத் தொடுவதே இல்லை. கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும் என்பதால், அன்றைக்கு மோட்டார் சைக்கிளில் போகாமல் யாரையாவது துணைக்கு அழைத்துச் செல்லுங்கள். அரச கிளினிக்கில் சிகிச்சை பெறுபவர்கள் கொழும்பிலுள்ள தேசிய கண் வைத்தியசாலைக்கு ஒரு பரிந்துரைக் கடிதம் கேட்டு வாங்கலாம்.

சிறுநீர் அல்புமின் பரிசோதனைக்கு முந்திய 24 மணி நேரத்தில் கடினமான பயிற்சி எதுவும் செய்யாதீர்கள். பயிற்சியே அந்த அளவைத் தற்காலிகமாக உயர்த்தும். இல்லாத சிறுநீரக நோய்க்காக நீங்கள் கவலைப்பட நேரிடும்.

கால அளவைப் பொறுத்தவரை, அரச கிளினிக்கில் செலவு இல்லை. ஆனால் அடுத்த கிளினிக் திகதிவரை காத்திருக்க வேண்டும், அந்த நாளில் பாதி நாளாவது போய்விடும். தனியார் வைத்தியசாலையில் சனல் செய்தால், அதாவது பணம் கட்டி முன்பதிவு செய்து வைத்தியரைப் பார்த்தால், பெரும்பாலும் அதே வாரத்தில் முடிந்துவிடும். வைத்தியர் கட்டணம், வைத்தியசாலைக் கட்டணம், ஆய்வுகூடக் கட்டணம் என்று மூன்றையும் சேர்த்துக் கணக்கிட வேண்டும். என் கருத்தில் நடு வழி ஒன்று நல்லது: இன்சுலினையும் வழமையான கண்காணிப்பையும் இலவசமாகக் கிடைக்கும் இடத்திலேயே தொடருங்கள், இந்த ஒரு விடயத்தை ஆறுதலாகப் பேசுவதற்கு மட்டும், நீரிழிவைப் பார்க்கும் அகஞ்சுரப்பியியல் நிபுணர் ஒருவரை ஒரு முறை சனல் செய்யுங்கள். கிளினிக் கொப்பியை இரண்டு இடத்துக்கும் கொண்டுசெல்லுங்கள்.

2. வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்விகளும் வாங்க வேண்டிய கடிதமும்

"பயிற்சி செய்யலாமா" என்று கேட்டால் "செய்யலாம்" என்ற ஒற்றைச் சொல்தான் கிடைக்கும். எழுதிக்கொண்டு போய்க் கேளுங்கள்: பயிற்சி நாளில் உணவுக்கு முன் போடும் இன்சுலினை எவ்வளவு குறைப்பது, அன்றிரவு நீண்ட நேரம் வேலை செய்யும் இன்சுலினைக் குறைக்க வேண்டுமா, பயிற்சிக்குப் பின் சீனி ஏறியிருந்தால் திருத்த ஊசி போடலாமா, போடலாம் என்றால் எவ்வளவு.

நீங்கள் எந்த இன்சுலினைப் பயன்படுத்துகிறீர்கள் என்பதே பயிற்சி நேரத்தைத் தீர்மானிக்கிறது. புதிய துரித இன்சுலின்கள் ஒன்று இரண்டு மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து நான்கைந்து மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். அரச கிளினிக்குகளில் கிடைக்கும் சொலியுபிள் இன்சுலின் இரண்டிலிருந்து நான்கு மணி நேரத்தில் உச்சத்தை அடைந்து ஆறேழு மணி நேரம் நீடிக்கும். இரு வகை இன்சுலின் கலந்த 30/70 மிக்ஸ்ராட் போடுபவர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும், ஏனெனில் இரவு உணவுக்கு முன் போடும் ஊசியின் இரண்டாவது உச்சம் நள்ளிரவை ஒட்டி வருகிறது. மாலையில் பாரம் தூக்கிய உடலுக்கு அது மிகவும் பொருந்தாத நேரம். அலுவலகம் முடிந்து மாலை ஆறு மணிக்குத்தான் வசதி என்றால், இதை வைத்தியரிடம் வெளிப்படையாகச் சொல்லி இன்சுலின் வகையையோ அளவையோ மாற்ற முடியுமா என்று கேளுங்கள்.

கடிதத்தில், உங்களுக்கு முதலாம் வகை நீரிழிவு இருப்பதும், பளுப் பயிற்சிக்குத் தகுதியானவர் என்பதும், தவிர்க்க வேண்டியவை எவை என்பதும், மயங்கினால் செய்ய வேண்டியதும் இருக்கட்டும். மூன்று பிரதிகள் எடுத்து, ஒன்றை ஜிம்மிலும் ஒன்றைப் பையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள்.

3. ஜிம்மைத் தேர்ந்தெடுத்தல்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டி, கொட்டாஞ்சேனை, தெஹிவளை என்று எங்கே பார்த்தாலும் ஜிம்கள் இருக்கின்றன. வீட்டுக்கோ அலுவலகத்துக்கோ நடந்து போகும் தூரத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பயிற்சி முடிந்த கையோடு காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் மாட்டிக்கொண்டு சீனி இறங்குவதைப் போன்ற சங்கடம் வேறில்லை. குளிரூட்டி இருப்பது ஆடம்பரம் அல்ல. கொழும்பின் வெப்பத்தில் தோலுக்கு அடியிலுள்ள இன்சுலின் விரைவாக உறிஞ்சப்படும்.

சேரும்போது தேசிய அடையாள அட்டையின் பிரதி, புகைப்படம், உடல்நிலை பற்றிய ஒரு படிவம் ஆகியவற்றைக் கேட்பார்கள். அந்தப் படிவத்தில் நீரிழிவை மறைக்காதீர்கள். மறைத்தால், நீங்கள் தடுமாறும்போது அருகில் நிற்பவர் களைப்பு என்று எண்ணிப் படுக்க வைத்துவிடுவார். படிவத்தைப் பார்த்துவிட்டு அனுமதிக்கத் தயங்கினால் வைத்தியரின் கடிதத்தைக் காட்டுங்கள். எனக்கு முகம் சுளித்த ஒரு நிலையத்தில் பேச்சை முடித்தது அந்தக் கடிதம்தான்.

சேர்வுக் கட்டணம், மாதக் கட்டணம், தனிப் பயிற்றுநர் கட்டணம் ஆகிய மூன்றும் வெவ்வேறு. ஆண்டுக் கட்டணம் மாதக் கணக்கில் மலிவாகத் தெரியும், ஆனால் முதல் மூன்று மாதங்களுக்கு மாதம் மாதமாகவே கட்டுங்கள். இடைநிறுத்த வசதி உண்டா, பணம் திரும்பக் கிடைக்குமா என்பதை எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பயிற்றுநருக்கு நீரிழிவு முழுவதையும் விளக்கத் தேவையில்லை. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றிலும் ஒரு சிறு அட்டை எழுதி அவரிடம் கொடுங்கள்: நடுக்கம், வியர்வை, பேச்சுத் தடுமாற்றம் தெரிந்தால் பையிலுள்ள குளுக்கோசைக் கரைத்துக் கொடுக்கவும், நினைவிழந்தால் வாயில் எதையும் ஊற்றாமல், பக்கவாட்டில் படுக்க வைத்து, 1990 இலக்கத்தில் சுவசெரிய அம்புலன்ஸை அழைக்கவும், எக்காரணம் கொண்டும் இன்சுலின் போடக்கூடாது. அந்த அம்புலன்ஸ் சேவைக்குக் கட்டணம் இல்லை என்பதையும் எழுதிவிடுங்கள், தயக்கம் குறையும்.

4. பையில் இருக்க வேண்டியவையும் அவற்றின் செலவும்

குளுக்கோசுத் தூளை வீட்டுத் தராசில் 15 கிராம் 15 கிராமாக நிறுத்துச் சிறு பைகளில் அடைத்து, குறைந்தது மூன்று பைகளையேனும் ஒரு தண்ணீர்ப் போத்தலுடன் வைத்துக்கொள்ளுங்கள். நடுங்கும் கையால் கரண்டிக் கணக்குப் பார்க்க முடியாது. நம் ஊர் ஈரக் காற்றில் தூள் கட்டிபட்டுவிடும் என்பதால் அடிக்கடி மாற்றுங்கள். சொக்லேட் இதற்கு உதவாது, அதிலுள்ள கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். செவ்விளநீரிலும் எவ்வளவு சீனி இருக்கிறது என்பது காய்க்குக் காய் மாறும். தாகத்துக்குச் சரி, மருந்தாக நம்ப முடியாது.

உண்மையான மாதச் செலவு ஜிம் கட்டணம் அல்ல, சீனி பார்க்கும் ஸ்ட்ரிப்தான். பயிற்சிக்கு முன், இடையில், முடிந்ததும், படுக்கும் முன் என்று நாளுக்கு நான்கு. வாரத்துக்கு மூன்று நாள் என்றால் மாதத்துக்கு 50 ஸ்ட்ரிப் கொண்ட ஒரு பெட்டி மேலதிகமாகத் தேவை. ஆகவே குளுக்கோமீற்றர் வாங்கும்போது கருவியின் விலையைப் பார்க்காமல் ஸ்ட்ரிப்பின் விலையைப் பாருங்கள். அரச மருந்தகமான ஒசுசலவிலும் தனியார் பாமசிகளிலும் கேட்டு ஒப்பிடுங்கள். விலை அடிக்கடி மாறுவதால் தொகையை இங்கே எழுதவில்லை. காலாவதித் திகதி கிட்டியதை மலிவாகத் தந்தாலும் வாங்க வேண்டாம்.

தோலில் ஒட்டிச் சீனியைத் தொடர்ந்து காட்டும் 14 நாள் சென்சர் பயன்படுத்துபவர்களுக்கு இரண்டு குறிப்புகள். பாரம் தூக்கும்போதும் சீனி வேகமாக மாறும்போதும் சென்சர் சில நிமிடங்கள் பின்தங்கியே காட்டும். உடல் ஒன்று சொல்லிச் சென்சர் வேறொன்று சொன்னால் விரலில் குத்திப் பாருங்கள். பெஞ்சில் படுக்கும்போது கையின் பின்புறத்துச் சென்சர் அழுந்தினால் பொய்யான தாழ்வைக் காட்டும். கனடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வரும் உறவினரிடம் சொல்லி வாங்குபவர்கள், பயணத்தில் அது வெப்பத்தில் கிடக்கவில்லை என்பதை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

திறந்த இன்சுலினை 30 பாகைக்குக் கீழே, பெரும்பாலான வகைகளில் 28 நாட்கள் வரை வைத்திருக்கலாம். ஸ்கூட்டர் பெட்டியோ வெயிலில் நிற்கும் காரோ அந்த எல்லைக்குள் இருக்காது. ஜிம்முக்குப் போகும்போது வெப்பம் தாக்காத சிறு உறையில் எடுத்துச் செல்லுங்கள்.

5. தொடங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய எண்

கீழ்வரும் சீனி அளவுகள் எல்லாம் ஒரு டெசிலீற்றருக்கு மில்லிகிராம் அலகில் உள்ளவை. உங்கள் கருவி மில்லிமோல் காட்டினால் 18 ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

90 க்குக் கீழே இருந்தால் தொடங்காதீர்கள். 10 முதல் 20 கிராம் குளுக்கோசு எடுத்து, 90 ஐத் தாண்டியபின் தொடங்குங்கள். 90 இலிருந்து 125 வரை பாரம் தூக்கத் தொடங்கலாம். நடையோ ஓட்டமோ அதோடு சேருமானால் 10 கிராம் மாச்சத்து எடுப்பது நல்லது. 126 இலிருந்து 180 வரை மிகப் பொருத்தமான நிலை. 180 இலிருந்து 270 வரையும் தொடங்கலாம், ஆனால் பாரமான பயிற்சி அதை மேலும் ஏற்றக்கூடும். 270 க்கு மேல் இருந்து, அதற்கான காரணமும் தெரியாவிட்டால், கீற்றோனை (இன்சுலின் போதாதபோது கொழுப்பு எரிந்து இரத்தத்தில் சேரும் அமிலப் பொருள்) பாருங்கள். இரத்தக் கீற்றோன் 1.5 மில்லிமோல் அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்று பயிற்சி கிடையாது, வைத்திய உதவிதான் தேவை. 0.6 க்கும் 1.4 க்கும் இடையில் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும்.

இந்த ஓர் எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுப்பது பொதுவான பொறி. 130 நல்ல எண்தான், ஆனால் ஒரு மணி நேரத்துக்கு முன் முழு அளவு துரித இன்சுலின் போட்டிருந்தால் அது இறங்கிக்கொண்டிருக்கும் 130. கடைசி ஊசி எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்தே பாருங்கள். பயிற்சியில் வேலை செய்யப்போகும் தொடையிலோ கையிலோ ஊசி போடாமல் வயிற்றில் போடுங்கள். கடந்த 24 மணி நேரத்தில் பிறர் உதவி தேவைப்பட்ட அளவுக்குச் சீனி இறங்கியிருந்தால், அன்றைய பயிற்சியை விட்டுவிடுங்கள்.

6. பயிற்சி

வாரத்துக்கு மூன்று நாட்கள், இடையில் ஒவ்வொரு நாள் ஓய்வு. குந்தி எழுதல், இடுப்பிலிருந்து குனிந்து தூக்குதல், தள்ளுதல், இழுத்தல், பாரத்தைச் சுமந்து நடத்தல் ஆகிய அசைவுகள் ஒவ்வொரு நாளும் இடம்பெறட்டும். முதல் மாதத்தில் ஒவ்வொன்றிலும் 10 முதல் 15 தடவைகளாக இரண்டு செற் போதும். இன்னும் இரண்டு மூன்று தடவைகள் தூக்க முடியும் என்ற நிலையில் நிறுத்துங்கள். 15 தடவைகள் எளிதாக வந்த பிறகே அடுத்த டம்பெல்லுக்குப் போங்கள்.

தூக்கும்போது மூச்சை வெளியே விடுங்கள். நீரிழிவு உள்ளவர்களுக்குத் தோள்மூட்டு இறுகிப்போவது மற்றவர்களைவிட அதிகம் ஆகையால், தலைக்கு மேல் தூக்கும் பயிற்சியில் வலி வந்தால் அதைப் பொறுத்துக்கொண்டு செய்யாதீர்கள். கால்களில் உணர்வு குறைந்தவர்கள் மூடிய சப்பாத்தில்லாமல் பாரத்தின் அருகே நிற்கவே கூடாது.

நடையும் செய்ய விரும்பினால், பாரத்தை முதலிலும் நடையைப் பிறகும் வையுங்கள். இந்த வரிசையில் சீனி இறங்குவது மெதுவாக நடக்கிறது. இடையில் 70 க்குக் கீழே போனால் நிறுத்தி, 15 கிராம் குளுக்கோசு எடுத்து, 15 நிமிடம் கழித்து மீண்டும் பாருங்கள். 54 க்குக் கீழே போயிருந்தால் சீனியைச் சரிசெய்துவிட்டு அன்றைய பயிற்சியை முடித்துக்கொள்ளுங்கள்.

7. முடிந்ததும் ஏறும் சீனி

140 இல் தொடங்கி முடிக்கும்போது 220 ஐப் பார்த்தால் பதறாதீர்கள். பாரமான முயற்சியில் அட்ரினலின் போன்ற ஓமோன்கள் சுரந்து ஈரல் சீனியை வெளியே தள்ளுகிறது. அதைச் சமன்செய்யும் இன்சுலின் உங்கள் உடலில் தானாகச் சுரப்பதில்லை. வெறும் வயிற்றில் காலையில் செய்பவர்களுக்கு இது அதிகம் தெரியும். வழமையான திருத்த அளவை முழுமையாகப் போடுவதுதான் இங்குள்ள பெரும் பொறி. பெரும்பாலும் அது ஒரு மணி நேரத்தில் தானாகவே தணியத் தொடங்கும். தணியாவிட்டால் வழமையான அளவில் பாதியைப் போடுவது பலருக்கும் சொல்லப்படும் முறை. உங்களுக்குரிய அளவை வைத்தியர் சொல்லட்டும்.

8. பயிற்சி நாளின் இரவு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைத்திருக்க முடியுமென்றால் இதை வைத்திருங்கள். பயிற்சியில் செலவான சீனிச் சேமிப்பைத் தசைகள் பல மணி நேரம் இரத்தத்திலிருந்தே மீட்டெடுக்கின்றன. அந்த நேரமெல்லாம் இன்சுலின் வழமையைவிட வலுவாக வேலை செய்யும். 24 மணி நேரம் வரைகூட இது நீளலாம். மாலையில் பயிற்சி செய்தவருக்கு இந்த இறக்கம் நள்ளிரவுக்கும் விடியலுக்கும் இடையில், அறிகுறிகளை உணர முடியாத உறக்கத்தில் வருகிறது. முடியுமானால் காலையில் பயிற்சி செய்யுங்கள் என்று நான் வற்புறுத்துவதற்கு இதுவே காரணம். காலையில் செய்தால் இறக்கம் வரும்போது நீங்கள் விழித்திருப்பீர்கள், அருகில் ஆட்களும் இருப்பார்கள்.

மாலையில்தான் முடியும் என்றால், இரவு உணவைத் தவறவிடாதீர்கள். அதற்கான இன்சுலினைக் குறைப்பது பற்றி முன்பே பேசி வைத்திருங்கள். நீண்ட நேர இன்சுலினை அன்றிரவு ஐந்தில் ஒரு பங்கு குறைக்கும்படி வைத்தியர்கள் சொல்வதுண்டு. நாளுக்கு ஒரு முறை போடும் மிக நீண்ட இன்சுலின்களில் இது பொருந்தாமல் போகலாம். படுக்கும் முன் 126 க்குக் கீழே இருந்தால் ஒரு சிறு உணவை இன்சுலின் இல்லாமல் எடுங்கள். முதல் சில வாரங்களில் இரண்டு மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் அலாரம் வைத்து எழுந்து பாருங்கள். பயிற்சி நாளில் மது வேண்டாம், அது ஈரல் சீனியை வெளியிடுவதைத் தடுக்கிறது. வாடகை அறையில் தனியாக இருப்பவர்கள், காலை ஏழு மணிக்குள் செய்தி வராவிட்டால் அழைத்துப் பார்க்கும்படி ஊரிலுள்ள அம்மாவிடமோ நண்பரிடமோ சொல்லி வையுங்கள்.

9. உணவும், ஜிம்மில் விற்கப்படுபவையும்

தசை வளர்ச்சிக்கு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளுக்கு ஏறத்தாழ 1.6 கிராம் புரதம் என்பது பரவலாகச் சொல்லப்படும் அளவு. மீன், முட்டை, கடலை, பருப்பு, தயிர் ஆகியவற்றிலிருந்தே இதைப் பெறலாம். சிறுநீரில் அல்புமின் கசிபவர்கள் வைத்தியரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது. அதிகப் புரதம் கொண்ட உணவு மூன்று நான்கு மணி நேரம் கழித்துச் சீனியை ஏற்றும் என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

மாஸ் கெய்னர் என்று விற்கப்படும் மாவில் பெரும்பகுதி மாச்சத்துதான். தசை வலுவுக்கான துணைப் பொருளாக விற்கப்படும் கிரியேற்றின் எடுப்பவர்களுக்கு, சிறுநீரகப் பரிசோதனையில் பார்க்கும் இரத்தக் கிரியேற்றினின் உயர்ந்து காட்டலாம் என்பதால் பரிசோதனைக்கு முன் வைத்தியரிடம் சொல்லிவிடுங்கள். இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: உடல் பருக்க வேண்டும் என்பதற்காக இன்சுலினைத் தவறாகப் பயன்படுத்துபவர்கள் உண்டு. உங்களிடம் யாராவது கேட்டால் ஒரு யூனிற்றுக்கூடக் கொடுக்காதீர்கள். நீரிழிவு இல்லாதவரை அது கொல்லக்கூடும்.

10. கொப்பியும் முதல் மூன்று மாதங்களும்

ஒரு கொப்பியில் பயிற்சி நேரம், கடைசி ஊசியின் நேரமும் அளவும், நான்கு சீனி அளவுகள், தூக்கிய பாரம் ஆகியவற்றை எழுதுங்கள். ஒரு மாதக் குறிப்பைக் கண்டால் வைத்தியர் உங்கள் அளவுகளை ஊகமில்லாமல் மாற்ற முடியும். மூன்றாம் மாத முடிவில் எச்பிஏ1சியை மீண்டும் எடுத்து, கொப்பியோடு காட்டுங்கள்.

கந்தசஷ்டி, ரமழான் போன்ற நோன்பு நாட்களில் பயிற்சியைத் தள்ளிவைத்து, நோன்பைப் பற்றியே முதலில் வைத்தியரிடம் பேசுங்கள். காய்ச்சலாலோ ஊருக்குப் போவதாலோ பயிற்சி சில நாட்கள் நின்றால், தசைகளுக்குக் கிடைத்த கூடுதல் உணர்திறன் விரைவிலேயே குறைந்து, சீனி மெல்ல ஏறத் தொடங்கும். அப்போது பயிற்சிக்காகக் குறைத்த இன்சுலினைப் பழைய அளவுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். திரும்பி வரும்போது விட்ட இடத்திலிருந்து தொடங்காமல் பாரத்தைக் குறைத்துக்கொண்டு, முதல் வாரத்தில் நடு இரவு அலாரத்தையும் மீண்டும் வையுங்கள்.